ஐப்பசித் தண்ணீரும் ஒரு வாளி மீனும்

(ஐப்பசி முதல் ஞாயிறு மாலை நம் சமுதாயக் கூடத்தில் நடந்த மாதாந்திரச் சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளரும் ஓய்வுபெற்ற வங்கி எழுத்தருமான நம் முன்னாள் பொருளாளர் பேசியது. அவரே எழுதிக் கொடுத்த வடிவம்.)



செயலாளர் போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, "சார், பேங்க் அனுபவம் ஏதாவது அரை மணி நேரம் பேசுங்க" என்றார். வைப்புநிதி, நாமினேஷன், லாக்கர் எல்லாம் போன தடவையே பேசியாகிவிட்டது. அதனால் இந்தத் தடவை மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நொய்யல்லயா சார்?" என்று கேட்டார்.

நொய்யலுக்கும் வருகிறேன். முதலில் ஊட்டிக்குப் போவோம். கடைசியில் நம் அபார்ட்மென்ட் பின்பக்கம் இருக்கும் எஸ்டிபிக்கு வந்து நிற்போம். அந்த இடத்தில் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதுவரை கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

காசாளர் அண்ணன்

1986இல் எனக்கு ஊட்டிக்கு மாற்றல் வந்தது. அப்போது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம், கைக்குழந்தை. பி.காம். முடித்த கையோடு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிவிட்டு, பரீட்சை எழுதி வங்கிக்குள் போனவன் நான். திருப்பூர் வெயிலில் வளர்ந்த உடம்பு. முதல் மாதம் முழுக்க ஸ்வெட்டரோடுதான் தூங்கினேன். ஸ்வெட்டர் நம்ம ஊர் இல்லைங்க, லுதியானா. அந்த வருத்தம் வேறு.

எங்கள் கிளையில் ஐம்பது வயதைத் தாண்டிய காசாளர் ஒருவர் இருந்தார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மீன்வளத் துறை அலுவலகத்தில் வாங்கிய அனுமதிச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூண்டிலோடு கிளம்பிவிடுவார். ஒரு ஐப்பசியில் என்னையும் கூட்டிப்போனார். எமரால்டு வரை பஸ், அதற்கு மேல் ஒரு ஜீப். போய்ச் சேர்ந்த இடம் அவலாஞ்சி.

அங்கே பிடிக்கிற மீன் டிரவுட். ரெயின்போ டிரவுட் என்பார்கள். உடம்பின் பக்கவாட்டில் இளஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும், மேலெல்லாம் கரும்புள்ளி. சொந்த ஊர் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. நம் மண்ணின் மீன் இல்லை.

மீனும் வங்கியும்

அது எப்படி நீலகிரிக்கு வந்தது என்பதில் நம்மைப் போன்ற வங்கிக்காரர்களுக்கு ஒரு சுவாரசியம் இருக்கிறது.

வெள்ளைக்கார அதிகாரிகளுக்குத் தங்கள் ஊர் ஆற்றில் டிரவுட் பிடித்த பழக்கம். ஊட்டி குளிரையும் ஓடைகளையும் பார்த்ததும் இங்கேயும் அதை வளர்க்கலாம் என்று தோன்றிவிட்டது. 1863இல் பிரான்சிஸ் டே என்பவர் முயற்சி செய்தார். இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய அதே டேதான். பலன் இல்லை. முட்டைகளைக் குளிராக வைத்துக் கப்பலில் கொண்டுவருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. பிறகும் பலர் முயன்றார்கள். 1906க்குப் பிறகு ஹென்றி சார்ல்ஸ் வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர் இலங்கை, நியூசிலாந்து போன்ற இடங்களிலிருந்து முட்டைகளை வரவழைத்து வெற்றி கண்டார். அவலாஞ்சியில் 1907இல் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது.

அந்த நேரத்தில் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறையை உருவாக்கியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். பி.காம். படித்தவர்கள் யாராவது கூட்டுறவுப் பாடத்தில் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். விவசாயிகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்ற ஜெர்மனியில் இருப்பது போலக் கிராமக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1895இல் அறிக்கை எழுதினாரே, அவரேதான். 1887இல் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டை எழுதியவரும் அவர்தான். திருப்பூர் அப்போது அந்த மாவட்டத்தில் ஒரு சிற்றூர். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர் மீன் பண்ணைக் கதையில் வந்து நின்றபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "கடனோ மீனோ, குஞ்சு பொரிச்சாத்தான் லாபம் தம்பி" என்றார் காசாளர் அண்ணன்.

தண்ணியைப் பாருங்க

ஓடைக்கரைக்குப் போனதும் நான் தூண்டிலை எடுக்கப் போனேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "தண்ணியைப் பாருங்க தம்பி, மீனை அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தார். அவர் என்ன பார்த்தார் என்பது எனக்கு இரண்டு மூன்று வாரம் போன பிறகுதான் புரிந்தது.

முதலில் நிறம். அவலாஞ்சிப் பக்கம் முக்கியமான மழை தென்மேற்குப் பருவமழை. ஆனியிலிருந்து ஆவணி வரை கொட்டும். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது அங்கேதான். நம் திருப்பூரில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையை விட அது அதிகம். அந்த மாதங்களில் ஓடை காப்பி நிறத்தில் உருண்டு ஓடும், தூண்டில் போடவே முடியாது. ஐப்பசி வந்தால் வடகிழக்கு மழை. அது குன்னூர், கோத்தகிரிப் பக்கம்தான் அதிகம். அவலாஞ்சியில் அவ்வப்போது ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போகும். பெய்த அன்று தண்ணீர் கலங்கும், ஒன்றிரண்டு நாளில் தெளிய ஆரம்பிக்கும். தெளிந்து வரும் அந்த நேரம்தான் தூண்டிலுக்கு நல்ல நேரம். அண்ணனின் சோதனை ரொம்ப எளிது. முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்து பார்ப்பார். தன் கால் விரல் தெரிந்தால் தூண்டிலை எடுப்பார். தெரியாவிட்டால் பொட்டலத்தைப் பிரித்து எலுமிச்சை சாதம் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்.

இரண்டாவது அளவு. கரைக்கல்லில் ஈரக்கோடு தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சாண் தெரிந்தால் வெள்ளம் வடிகிறது என்று அர்த்தம். வடிகிற தண்ணீரில் மீன் இரை தேடும். ஏறுகிற தண்ணீரில் பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

மூன்றாவது குளிர். டிரவுட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து, பதினாறு டிகிரி வரை இருந்தால் சுகம். இருபதைத் தாண்டினால் சிரமம். இருபத்தைந்தை ஒட்டிப் போனால் உயிருக்கே ஆபத்து. ஐப்பசியில் ராத்திரிக் குளிர் கூடும், பகலில் இளவெயில். அதனால் விடியற்காலை வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் வெயில் தண்ணீரில் படட்டும் என்பார். பூச்சிகள் அப்போதுதான் எழும்பும். பூச்சி எழும்பினால் மீனும் எழும்பும்.

நான்காவது ஓட்டம். டிரவுட் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்துத்தான் நிற்கும். இரையும் காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அதனால் நாம் கீழ்ப்பக்கமிருந்து, அதற்கு முதுகுப் பக்கமாக, நம் நிழல் தண்ணீரில் விழாமல் போக வேண்டும். தண்ணீர் பாறையில் மோதி வெள்ளையாக நுரைத்து, பிறகு அமைதியாகும் இடத்தில் தூண்டிலைப் போட வேண்டும்.

மழை விட்டு இரண்டு மாதமாகியும் ஓடை எப்படி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று நான் கேட்டேன். அண்ணன் மேலே கையைக் காட்டினார். புல்வெளி, அதன் மடிப்புகளில் சோலைக்காடு. அந்த மண் பெய்ததைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். சேமிப்புக் கணக்கு மாதிரி. சரிவில் காட்டை அழித்துக் கிழங்கும் கேரட்டும் போட்ட பக்கம், ஒரு மழைக்கே ஓடை சிவந்து வந்ததையும் நான் பார்த்தேன். அங்கே போட்டதெல்லாம் அன்றைக்கே பணமாக எடுத்துவிடுகிற கணக்கு.

வாளி

மூன்று ஞாயிறு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காவது ஞாயிறு ஒரு மீன் மாட்டியது. கால் கிலோவுக்கு மேல் இருக்கும். என் சந்தோஷத்தைக் கேட்காதீர்கள். அண்ணன் அதை அங்கேயே முடித்து, சுத்தம் செய்து, ஈரத்துணியில் சுற்றச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கும் குழந்தைக்கும் உயிரோடு காட்ட வேண்டும் என்று ஆசை. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதே ஓடைத் தண்ணீரை நிறைய எடுத்து மீனை அதில் விட்டேன். "வேண்டாம் தம்பி" என்றார். நான் கேட்கவில்லை. அதே தண்ணீர், அதே குளிர், அப்புறம் என்ன குறை என்று நினைத்தேன்.

எமரால்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மூடியைத் திறந்தேன். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஊட்டி வந்து இறங்கும்போது மல்லாந்து கிடந்தது. கையை விட்டுப் பார்த்தேன், தண்ணீர் அப்போதும் சில்லென்றுதான் இருந்தது.

"தண்ணிக்குள்ளயே மூச்சு முட்டிச் செத்துப் போச்சு" என்றார் அண்ணன். வேறு எதுவும் சொல்லவில்லை.

வீட்டில் குழம்பு வைத்தோம். நான் சாப்பிடவில்லை.

கரைந்த காற்றின் கணக்கு

அந்த வாளியில் நடந்ததைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. தண்ணீரிலும் ஆக்சிஜன் கரைந்திருக்கும், ஆனால் மிகக் கொஞ்சம். பத்து டிகிரிக் குளிர்ந்த தண்ணீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 11 மில்லிகிராம் பிடிக்கும். இருபது டிகிரியில் 9. முப்பது டிகிரியில் ஏழரை. இது கடல் மட்டத்துக் கணக்கு, மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். தண்ணீர் சூடாகச் சூடாகக் காற்றைப் பிடித்துவைக்கும் சக்தி குறைகிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரவுட்டுக்கு ஆறு, ஏழு மில்லிகிராம் வேண்டும். வங்கி மொழியில் சொன்னால் அதுதான் அதன் மினிமம் பேலன்ஸ். ஓடையில் தண்ணீர் பாறையில் மோதி நுரைக்கும்போதெல்லாம் புதிதாகக் காற்று வரவாகிறது. வாளியில் வரவே கிடையாது, செலவு மட்டும்தான். இரண்டு மணி நேரத்தில் கணக்கு காலி.

ஒவ்வொரு மீனுக்கும் இந்த இருப்பு வேறு வேறு. கெண்டைக்கு டிரவுட் அளவுக்குத் தேவையில்லை. ஜிலேபி அதைவிடக் குறைவிலும் சமாளித்துக்கொள்ளும். விராலும் கெளுத்தியும் தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி நேராகக் காற்றையே சுவாசிக்கத் தெரிந்தவை. அதனால் ஒரு தண்ணீரில் என்ன மீன் இருக்கிறது என்று பார்த்தாலே அந்தத் தண்ணீரின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்த மாதிரி. ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் மட்டும்தான் இருக்கிறது என்றால், அங்கே காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இரண்டும் கூட இல்லை என்றால் சொல்லவே வேண்டாம்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

இதெல்லாம் ஊட்டிச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம்.

அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள் எல்லாம் குந்தா மின்திட்டத்தைச் சேர்ந்தவை. கனடா நாட்டு உதவியோடு 1950களின் பின்பாதியில் கட்ட ஆரம்பித்தது. அந்தத் தண்ணீர் குகைப்பாதைகள், குழாய்கள் வழியாக இறங்கி, குந்தா, கெத்தை, பரளி என்று மின்நிலையம் மின்நிலையமாகச் சுழற்றிவிட்டு, பில்லூர் அணையைத் தாண்டி பவானி ஆறாக மேட்டுப்பாளையம் வருகிறது. திருப்பூருக்குக் குடிநீர் எடுக்கும் இடங்களில் மேட்டுப்பாளையமும் ஒன்று. நாம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சம்ப்பில் எட்டிப் பார்த்து, மாநகராட்சித் தண்ணீர் வந்துவிட்டதா என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறோமே, அதில் டிரவுட் ஓடைத் தண்ணீரும் கலந்திருக்கிறது.

மேலே ஒருவர் ஓடையைச் சுத்தமாக வைத்திருந்தால் நமக்கு நல்ல தண்ணீர் வருகிறது. சரி, நாம் உபயோகித்த பிறகு அது எங்கே போகிறது? நம் எஸ்டிபிக்குப் போகிறது. அங்கே சுத்தமாகித் தோட்டத்துக்கும் கழிப்பறை ஃப்ளஷ்ஷுக்கும் போனது போக, மிச்சம் தெரு வடிகாலில் இறங்குகிறது. வடிகால் ஓடைக்கு, ஓடை நொய்யலுக்கு, நொய்யல் கொடுமுடிக்குக் கீழே காவிரிக்கு. நமக்கு மேலே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எப்போதும் கேட்கிறோம். நமக்குக் கீழேயும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறந்துபோனேன்.

நான் போட்ட தப்புக் கணக்கு

இப்போது அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2022இல் நான் நம் சங்கத்துக்குப் பொருளாளர். அந்த வருஷம் செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தது. பொது உபயோக மின்சாரம் யூனிட்டுக்கு எட்டு ரூபாய். பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றக்கூடாது என்று எல்லோரும் சொன்னீர்கள். எங்கே குறைக்கலாம் என்று நான் பேனாவோடு உட்கார்ந்தேன். எஸ்டிபி புளோயர் கண்ணில் பட்டது. ஐந்து குதிரைத்திறன் மோட்டார், இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை யாரும் தண்ணீர் உபயோகிப்பதில்லை, அப்புறம் எதற்கு என்று தோன்றியது. எட்டு மணி நேரம் நிறுத்தினால் மாதம் 900 யூனிட், 7,200 ரூபாய். நம் 96 வீட்டுக்கும் வீட்டுக்கு 75 ரூபாய் மிச்சம். நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

எஸ்டிபியில் வேலை பார்க்கும் தம்பி என்னிடம் வந்து சொன்னான். "சார், காத்து நின்னா பேக்டீரியா செத்துப் போகுங்க. வாசம் வந்துரும்." நான் அவனிடம், "நாலு மாசம் டிரெய்னிங் எடுத்துட்டு எனக்குக் கணக்குச் சொல்றயா?" என்று கேட்டேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எஸ்டிபி என்பது மருந்து போட்டுச் சுத்தம் செய்கிற இடம் இல்லைங்க. அந்த ஏரேஷன் டேங்கில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நம் அழுக்கைச் சாப்பிடுவது அவைதான். அவற்றுக்கும் மூச்சு வேண்டும், லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அளவிலாவது காற்று கரைந்திருக்க வேண்டும். அடியில் இருக்கும் டிஃப்யூசர் வழியாகக் குமிழி குமிழியாக ஏறுவதுதான் அந்தக் காற்று. ஓடையில் பாறை செய்கிற வேலையை டேங்கில் புளோயர் செய்கிறது. அது நின்றால் இருக்கிற காற்று அரை மணிக்குள் தீர்ந்துவிடும். அதன் பிறகு காற்று தேவைப்படாத வேறு வகை நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அழுகல் முட்டை வாசம் அவை விடுவது. சில வகை ஆலைகளை வடிவமைக்கும்போதே இடைவெளி விட்டு ஓட்டுகிற மாதிரி கணக்குப் போட்டுக் கட்டுவார்கள். நம்முடையது அப்படிக் கட்டியதில்லை.

அதோடு நம் ஊர்ச் சூடு. டேங்கில் தண்ணீர் முப்பது டிகிரிக்குப் பக்கம் இருக்கும். சூட்டில் நுண்ணுயிர் வேகமாக வேலை செய்யும், வேகமாகக் காற்றைச் செலவழிக்கும். தண்ணீரோ குறைவாகத்தான் காற்றைப் பிடிக்கும். குளிர் தேசத்தில் கொஞ்ச நேரம் தாங்குகிற தப்பு நம் ஊரில் தாங்காது.

நான்காவது வாரம் வாசம் ஆரம்பித்தது. டி பிளாக் தரைத்தளத்து அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "நீங்க மாடில ஜன்னலைத் தொறந்து வச்சுத் தூங்கறீங்க சார். எங்களால முடியறதில்லை" என்றார். நான் வடிகாலில் ஏதோ அடைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன். ஐந்தாவது மாதம் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசம் தாங்காமல் நானே போய் டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். பழுப்பாகக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டிய தண்ணீர் கறுப்பாக, அசைவில்லாமல் கிடந்தது. எனக்கு அந்த எமரால்டு பஸ் நிறுத்தம்தான் ஞாபகம் வந்தது. முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாளியில் பார்த்ததை, மறுபடியும் என் கையாலேயே செய்திருக்கிறேன்.

அன்றைக்கே புளோயரை முழு நேரமும் ஓட்டச் சொன்னேன். டிஃப்யூசர் சுத்தம் செய்து, வேறு ஆலையிலிருந்து நல்ல சேற்றை லாரியில் கொண்டுவந்து ஊற்றி, டேங்க் பழையபடி ஆக இரண்டு மாதம் பிடித்தது. செலவு 41,000 ரூபாய். ஐந்து மாதத்தில் மிச்சம் பிடித்தது 36,000.

அந்த 41,000 ரூபாயை ஆண்டறிக்கையில் நான் எப்படி எழுதினேன் தெரியுமா? "பொதுப் பராமரிப்பு" என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை. வங்கியில் முப்பத்துநான்கு வருஷம் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தால் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து தேடியவன் நான். அந்தப் பதிவு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இன்று உங்கள் முன்னால் அதைத் திருத்துகிறேன். அது பராமரிப்புச் செலவு இல்லை, என் தவறால் வந்த செலவு. அந்த ஐந்து மாதமும் நம் வடிகாலில் போன தண்ணீர் சுத்தமான தண்ணீர் இல்லை. டி பிளாக் அம்மாவிடமும் அந்தத் தம்பியிடமும் தனியாக மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் எல்லோரிடமும் இப்போது கேட்கிறேன்.

நாம் திருப்பூர்க்காரர்கள். நொய்யல் என்றதும் சாயப்பட்டறையைக் கை காட்டிப் பழகிவிட்டோம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. எத்தனை குடும்பம் வேலையில்லாமல் நின்றது என்று பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அவர்களுக்கு அவ்வளவு கடுமையான கணக்கு. நமக்கோ 75 ரூபாய்க் கணக்கு. அதில்தான் நான் தோற்றேன்.

என் வேண்டுகோள்

தை மாதம் பொதுக்குழு கூடுகிறது. அதில் மூன்று தீர்மானம் கொண்டுவரலாம் என்று நினைக்கிறேன். உங்கள் ஆதரவு வேண்டும்.

ஒன்று, எந்தப் பொருளாளர் வந்தாலும் சிக்கனம் என்ற பெயரில் எஸ்டிபி புளோயரை நிறுத்தக் கூடாது. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் லிஃப்டுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

இரண்டு, இன்னொரு புளோயர் தயாராக இருக்க வேண்டும். ஒன்று பழுதானால் ரிப்பேருக்குப் போய்வர நான்கு நாள் ஆகும், நான்கு நாளை நுண்ணுயிர் தாங்காது.

மூன்று, மாதம் ஒரு தடவை எஸ்டிபி தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவை மெயின் கேட் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வரவு செலவு ஒட்டுகிறோம் இல்லையா, அதற்குப் பக்கத்திலேயே. படித்துப் புரியவில்லை என்றால் அந்தத் தம்பியைக் கேளுங்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் அவன்தான்.

வீட்டுப் பக்கம் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பலகாரம் சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். தீபாவளி வருகிறது, அதனால் சொல்கிறேன். எண்ணெய் தண்ணீர் மேல் படர்ந்தால் காற்று இறங்காது. குழந்தை துடைக்கும் ஈர டிஷ்யூவை டாய்லெட்டில் போடாதீர்கள். பிளீச்சிங் பவுடரையும் ஆசிடையும் அளவோடு உபயோகியுங்கள். அவை கிருமியையும் கொல்லும், நம் டேங்கில் வேலை செய்கிற நுண்ணுயிரையும் கொல்லும்.

கேள்வி நேரத்தில் ஏ பிளாக் சின்னப் பையன் ஒருவன், "தாத்தா, நம்ம தொட்டியில டிரவுட் வளர்க்கலாமா?" என்று கேட்டான். முடியாது கண்ணு. நம் ஊர்த் தண்ணீர் அதற்குக் கொதிதண்ணீர் மாதிரி. ஆனால் எஸ்டிபியிலிருந்து சுத்தமாகி வரும் தண்ணீரில் ஒரு சின்னத் தொட்டி கட்டி நாலு கெண்டைக் குஞ்சு விடலாம். அவை நன்றாக நீந்தினால் டேங்க் நன்றாக இருக்கிறது. மேலே வந்து வாயைத் திறந்தால், அறிக்கை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓடிப்போய் புளோயரைப் பார்க்க வேண்டியதுதான். அவன் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். செயலாளரும் சரி என்றிருக்கிறார்.

இன்னொருவர் இப்போதும் அவலாஞ்சிக்குப் போய் மீன் பிடிக்கலாமா என்று கேட்டார். அது காட்டுப் பகுதி, வனத் துறையிடமும் மீன்வளத் துறையிடமும் முதலில் கேட்டுக்கொண்டு போங்கள். அனுமதி கிடைத்தால் ஐப்பசியில் மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள். கிடைக்காவிட்டாலும் எட்டி நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு வரலாம்.